வலன்ரைன் தெரிந்தெடுத்த துவக்கு

“பன்னிரண்டோ, இருபதோ?” என்று வலன்ரைன் கேட்டபோது, றெஜினா ஊசியில்லாத ஊசிக்குழாயால் அவருடைய கடைவாயில் மோர்பினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள்.

“முதல் வாயை மூடி விழுங்குங்கோ.”

அவர் விழுங்கினார். ஒரு வாய் விழுங்குவதற்கு இப்போது அவருக்கு அரை நிமிடம் பிடித்தது. தொண்டைக்குழி ஏறி இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் துவாயால் அவருடைய தாடையைத் துடைத்தாள்.

“குழல்வாய் பன்னிரண்டு போர் எண்டால் எல்லாத்துக்கும் தோட்டா எடுக்கலாம். தட்டுக்கும் சரி, வாத்துக்கும் சரி. இருபது எண்டால் பாரம் குறைவு. பத்தைக்குள்ளை நாள் முழுக்கக் காவலாம்.”

“ஓம், நாளைக்குப் பத்தைக்குள்ளை போகப் போறியள்தானே.”

அவர் அதைப் பகிடியாக எடுத்துக்கொள்ளவில்லை. பகிடியைப் பகிடி என்று கண்டுபிடிக்கத் தெரியாத மனுசன். நாளைக்கு இல்லை, இனி பங்குனியில் வெள்ளைத் தாராக்கள் தெற்கிலிருந்து திரும்பி வரும்போதுதான் என்று மெல்ல விளக்கம் சொன்னார்.

அன்று காலை வந்த தாதி, குளியலறை வாசலில் வைத்து மகள் லக்சனாவிடம் பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: இன்றைக்கு, மிஞ்சினால் நாளைக்கு. லக்சனா அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தையல் ஆலையில் பதினைந்து வருசம் பிரெஞ்சில் ஏச்சு வாங்கியவளுக்கு அந்த இரண்டு சொல் விளங்காதா?

மொன்றியலின் கார்ட்டியர்வில்லில், இரண்டாம் மாடியில் அவர்களின் வீடு. அரசாங்கம் கொடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில் படுக்கையறைக் கதவுக்குள்ளால் நுழையாததால், வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் போட்டிருந்தார்கள். கட்டிலுக்கு மேலே திருஇருதயப் படம். கட்டிலில், போர்வைக்கு மேலே, துவக்குகளின் விலைப்பட்டியல் புத்தகங்கள் மூன்று. கணையத்தில் வந்த நோயைக் கண்டுபிடித்து எட்டுக் கிழமை ஆகியிருந்தது. அந்த எட்டுக் கிழமையில் மனுசன் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யவில்லை. மகளைக் கூப்பிட்டு இருத்தி நாலு புத்தி சொல்லவில்லை. துவக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சனியன் தொடங்கியது மூன்றரை வருசத்துக்கு முன்னால். சென்ட் லோரன்ட்டில் விமானத்துக்குத் துண்டு செய்கிற தொழிற்சாலையில் வலன்ரைனுக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தவன் நோர்மான். பெரிய வண்டியும், அதைவிடப் பெரிய வயிறும் உள்ள கியூபெக்காரன். ஒரு கோடைகாலச் சனிக்கிழமை அவன் வலன்ரைனை வடக்கே எங்கேயோ ஒரு வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மனுசன் பின்னேரம் திரும்பி வந்தபோது தோளில் ஒரு நீலக் கண்டல். முகத்தில் ஒரு வெளிச்சம்.

“ஒரு மெசின் களிமண் தட்டை ஆகாயத்திலை எறியும். நாங்கள் சுடவேணும். பட்டால் தூளாப் போகும். இருபத்தைஞ்சிலை நான் பதினொண்டு உடைச்சனான், றெஜினா.”

“தட்டு உடைக்கவோ இவ்வளவு தூரம் போனனீங்கள்? இஞ்சை குசினியிலை நிறையக் கிடக்கு.”

துவக்குக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்த கூட்டத்தில் ஒருவர், ஓடிவந்த இடத்தில் துவக்கு வாங்கப் போகிறேன் என்கிறார். அனுமதிப்பத்திர விண்ணப்பத்தில் மனைவியும் கையெழுத்து வைக்கவேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் எரிச்சலோடு வைத்தாள். வைக்காவிட்டால் வாய்திறந்து ஒரு சொல் கேட்கமாட்டார். ஆனால் ஒரு மாதத்துக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் திரிவார். அதைப் பார்ப்பதற்குக் கையெழுத்து மேல்.

பத்திரம் வந்தது. துவக்கு வரவில்லை. தெரிந்தெடுக்க வேண்டியிருந்ததாம். கோடையில் தட்டு, இலையுதிர் காலத்தில் காட்டுக்கோழியும் தாராவும். இரண்டுக்கும் இரண்டு துவக்கு அவர் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் உதவுகிற ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காக இரண்டரை வருசம் சனிக்கிழமை தவறாமல் கடைக்குப் போனார். அவள் காருக்குள், உறைந்த மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் கடைக்காரனிடம் ஒவ்வொரு துவக்காகக் கையில் வாங்கி, தோளில் வைத்து, கன்னத்தில் ஒட்டி, கூரையில் பறக்கிற ஏதோவொன்றைப் பின்தொடர்ந்துவிட்டு, இரண்டு கையாலும் குழந்தையைத் திருப்பிக் கொடுப்பதுபோலக் கொடுப்பார். பிறகு வந்து காரில் ஏறி, போகும் வழியெல்லாம் கதை. குழல் இருபத்தாறு அங்குலமோ இருபத்தெட்டோ. மேலும் கீழுமாக இரட்டைக் குழலோ, தானாகவே அடுத்த தோட்டா ஏறுகிற ஒற்றைக் குழலோ. குழல்வாயை இறுக்கவும் தளர்த்தவும் கழற்றிப் பூட்டுகிற சோக்குகள் எத்தனை. தாராவுக்கு ஈயச் சன்னம் இந்த நாட்டில் தடை, உருக்குச் சன்னந்தான். பழைய துவக்கின் இறுக்கமான வாய் அதைத் தாங்காது.

கேட்கக்கூடாது என்று இருந்தும் அவளுக்கு எல்லாம் பாடமாகியிருந்தது. அந்தக் கடைக்காரனுக்குச் சுகமில்லை என்றால், அவளே உள்ளே போய் நின்று யாவாரம் செய்திருப்பாள்.

அவளுக்கு ஆத்திரம் துவக்கில் அல்ல.

எழுபத்தெட்டாம் ஆண்டு, ஊரில், குருநகரில், தரகர் பத்திநாதர் வலன்ரைனைக் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தார். வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் அல்போன்சம்மா, இளையவள் றெஜினா. இரண்டு பேரும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார்கள். பத்திநாதர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு விசயத்தை உடைத்தார். “மூத்தவளுக்கு மன்னாரிலை ஒரு வாத்தியார் பேச்சும் நடக்குது. அவர் ஓமெண்டால் தம்பிக்கு இளையவள். இல்லையெண்டால் மூத்தவள். தம்பிக்கு எப்பிடி?”

“எனக்கு ஆரெண்டாலும் சரி” என்றார் வலன்ரைன்.

அடுத்த வியாழக்கிழமை வாத்தியாரின் கடிதம் வந்தது. ஓம். ஆகவே றெஜினா. யாரோ ஒரு வாத்தியாரின் முத்திரை ஒட்டிய கடிதத்தால் அவளுடைய கல்யாணம் முடிந்தது.

‘ஆரெண்டாலும் சரி’ என்ற அந்தச் சொல்லை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதை வைத்துக்கொண்டு வாழப் பழகிவிட்டாள். மனுசனுக்குத் தெரிந்தெடுக்கத் தெரியாது, அவ்வளவுதான். எந்த நாட்டுக்குப் போவது, எந்த வீடு, எந்தக் கார், பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், அவருக்கு எந்தக் கால்சட்டை, எல்லாம் அவள்தான் முடிவெடுத்தாள். சாப்பாட்டுக்கடையில் ‘என்ன வேணும்’ என்று கேட்டால் பக்கத்து மேசையைப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவரை ஏளனம் செய்வது சுலபமாக இருந்தது. பழைய மேலங்கியைப் போட்டுக்கொள்வதுபோல, நினைக்காமலே செய்ய முடிந்தது.

துவக்குக் கதை வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நாற்பது துவக்கைக் கையில் எடுத்து நாற்பதையும் வேண்டாம் என்று சொன்னவருக்குத் தெரிந்தெடுக்கத் தெரியும். நன்றாகத் தெரியும். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பதினொரு மணிக்கு வாசல்மணி அடித்தது. நோர்மான். வெளியே உறைமழை தொடங்கியிருந்தது. அவனுடைய தொப்பியின் விளிம்பில் கண்ணாடிபோல ஐஸ் படிந்திருந்தது. இரண்டு கையிலும் இரண்டு நீளப் பெட்டிகள்.

“பொன்ஜூர், மதாம்” என்று சொல்லிவிட்டு, கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது. நாலு நாளில் இவ்வளவு உருகுவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லைப்போல. இந்தப் பெரிய உடம்புக்காரர்களுக்குக் கண்ணீர் தோலுக்குக் கீழேயே நிற்கும். றெஜினா ஒரு கடதாசித் துவாயைக் கிழித்து அவனிடம் நீட்டினாள்.

“என்ன பெட்டி?” என்று லக்சனாவிடம் கேட்டாள்.

லக்சனா நிலத்தைப் பார்த்தாள். “அப்பாதான் கொண்டுவரச் சொன்னவர். ஒண்டு நோர்மானின்ரை, மற்றது அவரின்ரை மச்சானின்ரை. கடையிலை பாத்து வைச்ச ரெண்டும் இதே மாதிரித்தானாம். கடைசியா ஒருக்காத் தோளிலை வைச்சுப் பாத்திட்டுச் சொல்லுறாராம்.”

“உனக்கும் விசரோ?”

“அவர் கேட்டவர், அம்மா. வேறை ஒண்டும் கேக்கேல்லையே.”

நோர்மான் பெட்டிகளைத் திறந்தான். பூட்டுகளைக் கழற்றினான். ஒன்று இருபது போர், ஒற்றைக் குழல், தானியங்கி. மற்றது பன்னிரண்டு, மேலும் கீழுமாக இரட்டைக் குழல், தோட்டா போட நடுவில் முறிகிறது. இரண்டையும் திறந்து, வெறும் உள்ளை முதலில் லக்சனாவுக்கும் பிறகு றெஜினாவுக்கும் காட்டினான். மருந்துப் போத்தல்களும் ஜெபமாலையும் இருந்த சின்ன மேசைக்குப் பக்கத்தில் துவக்கு எண்ணெய் மணந்தது.

கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, இரண்டு தலையணையை முண்டு கொடுத்து, நோர்மான் இருபதை வலன்ரைனின் கையில் வைத்தான். மனுசன் தூக்கினார். குழல் ஒரு சாண் எழும்பியது. பிறகு மெல்லப் போர்வையில் சாய்ந்தது. மறுபடி தூக்கினார். கை, உடுப்புக்கொடியில் தொங்குகிற சட்டைக் கைபோல் ஆடியது. நோர்மான் கடதாசித் துவாயை மூக்கில் அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான்.

முடிந்தது, இனிப் பெட்டியை மூடிக்கொண்டு போவான் என்று றெஜினா நினைத்தாள்.

“றெஜினா, நீர் பிடியும்.”

“நானோ?”

“உம்மடை உயரந்தான் நானும். கையும் அந்தளவுதான். உமக்குப் பொருந்தினால் எனக்கும் பொருந்தும்.”

இருபத்தேழு வருசத்தில் தன்னோடு அவர் கண்ட பொருத்தம் இதுதான் என்று அவளுக்குப் பட்டது. சட்டை அளவு. ஆனால் அவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கூத்து முடிந்தால் போதும் என்று, ஈரக் கையை வீட்டுச்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினாள். நினைத்ததைவிடப் பாரம் குறைவு. அரிசிப்பைபோல வயிற்றோடு அணைத்துப் பிடித்தாள்.

“அப்பிடியில்லை. இடது காலைக் கொஞ்சம் முன்னுக்கு வையும். ம். இப்ப தூக்கும். தலையைக் குனியாதேயும். பின் கட்டையைக் கன்னத்துக்குக் கொண்டுவாரும். கன்னத்தைக் கட்டைக்குக் கொண்டுபோகாதேயும்.”

“ரெண்டும் ஒண்டுதானே.”

“ஒண்டில்லை.”

இரண்டு மாதமாகக் கேட்காத குரல். சத்தம் இல்லை, ஆனால் குரலுக்குள் எலும்பு இருந்தது. அவள் செய்தாள். தானியங்கியின் கட்டை அவளுடைய சட்டையின் அக்குளில் கொழுவியது. மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் கொழுவியது.

“நீளம் கூட. தாரா எழும்பிப் போன பிறகுதான் உம்மடை துவக்குத் தோளுக்கு வரும். மற்றதைத் தாரும்.”

என்னுடைய துவக்காம். அவள் இருபதை நோர்மானிடம் தள்ளிவிட்டு இரட்டைக் குழலை எடுத்தாள். இது பாரம். ஆனால் பாரம் இரண்டு கைக்கும் நடுவில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு தூக்கச் சொன்னார். தூக்கினாள். திறக்கச் சொன்னார்.

“என்ன தெரியுது?”

“சுவர்.”

“குழலின்ரை மேல்பக்கம் எவ்வளவு தெரியுது?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம் எண்டால்?”

“கொஞ்சம் எண்டால் கொஞ்சம். அடிமட்டமோ வைச்சிருக்கிறன்?”

வலன்ரைன் சற்று நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார். “இஞ்சாலை திரும்பும். என்ரை வலது கண்ணுக்கு நேரை பிடியும்.”

லக்சனா மொழிபெயர்க்க முன்னமே நோர்மானுக்கு விளங்கிவிட்டது. இல்லை, வலன்ரைன், இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினான். துவக்குக்காரனுடைய முதலாவது கட்டளை அது. வெறுந்துவக்கையும் மனுசனுக்கு நேரே நீட்டக்கூடாது. அவன்தான் அதை வலன்ரைனுக்குப் படிப்பித்தவன்.

“கடையிலை அளவு பாக்கிற கிழவன் இப்பிடித்தான் பாக்கிறவன். முன்னுக்கு நிண்டு பாத்தால்தான் சுடுறவரின்ரை கண் எங்கை நிக்குதெண்டு தெரியும். சொல்லு, பிள்ளை. திறந்து இன்னொருக்காப் பாக்கச் சொல்லு.”

நோர்மான் பார்த்தான். இரண்டு குழலுக்குள்ளும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பிறகு மூடி றெஜினாவிடம் கொடுத்துவிட்டு, அவர்களைப் பாராமல் மேலே திருஇருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் தூக்கினாள். கட்டை கன்னத்துக்கு வந்தது. குழலின் நுனியில் ஒரு சின்ன வெள்ளை மணி. அதற்கு அப்பால், நாலடி தூரத்தில், அவருடைய வலது கண். மஞ்சள் பூத்த கண். இமைமயிர் கொட்டி, ஓரத்தில் பூளை காய்ந்து கிடந்தது. காலையில் அவள் துடைத்தது போதவில்லை. அந்தக் கண் இமைக்காமல் குழல் வழியாக அவளைப் பார்த்தது. நாற்பது துவக்கைப் பார்த்த பார்வை. கடைக் கண்ணாடிக்கு அப்பால் மீன்பையோடு இருந்து அவள் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பார்த்த பார்வை.

அந்த நேரம் பார்த்து முன்கதவு திறந்தது. சூப் வாளியோடு அல்போன்சம்மா உள்ளே வந்தாள். சென்ட் மிஷேலில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தங்கை நின்ற கோலத்தைக் கண்டதும் “மாதாவே!” என்று அலறிய அலறலில் கீழ்வீட்டு நாய் குரைத்தது.

குழலின் நுனி ஒரு விரற்கடை விலகியது.

“அசையாதேயும்” என்றார் வலன்ரைன்.

அவள் அசையவில்லை. மற்றதெல்லாம் துவக்குப் பாடம்; அவர் அவளிடம் சொன்ன முதல் கட்டளை இது. கீழ்ப்படிந்துவிட்டோம் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

“கண் நடுவிலை நிக்குது” என்றார் அவர், மிக மெதுவாக. “சரியா நடுவிலை.” பிறகு, “உம்மடை கண்ணிலை ஒரு புள்ளி கிடக்கு. கறுப்புக்குப் பக்கத்திலை, மண்ணிறத்துக்குள்ளை. சின்னன்.”

“பிறந்ததிலையிருந்து கிடக்கு.”

“நான் காணேல்லை.”

“நீங்கள் எதைத்தான் கண்டனீங்கள்?”

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். மூச்சை உள்ளே இழுத்து, “இதுதான்” என்றார்.

லக்சனா நோர்மானுக்குச் சொன்னாள். நோர்மான் திரும்பி, கன்னமெல்லாம் ஈரமாகச் சிரித்து, பன்னிரண்டு, மேலும் கீழும், நல்ல தெரிவு என்று வலன்ரைனின் முழங்காலைத் தட்டினான். கடைக்காரனிடம் இன்றைக்கே சொல்லி எடுத்துவைக்கிறேன் என்றான். துவக்குகளைப் பூட்டிப் பெட்டிக்குள் வைத்தான். படியிறங்கும்போது அவன் வழுக்கி வாய்க்குள் ஏதோ தேவாலயச் சொல்லால் திட்டுவது கேட்டது. இந்த ஊர்க்காரர் கோயில் பாத்திரங்களின் பெயராலேயே திட்டுவார்கள்.

குசினிக்குள் அல்போன்சம்மா சூப்பைச் சூடாக்கிக்கொண்டே தொடங்கினாள். மரண வீடு நெருங்கினால் அக்காவுக்கு முகத்தில் ஒரு செழிப்பு வரும். பங்கில் யார் படுத்தாலும் கடைசி ஜெபத்துக்கு அவள்தான். தலையணை உறையை எப்போது மாற்றவேண்டும், எப்போது மெழுகுதிரி கொளுத்தவேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒழுங்கு இருந்தது.

“சாகக் கிடக்கிற மனுசனுக்கு நேரை துவக்கை நீட்டுறாய். உனக்கென்ன கல்நெஞ்சோ?”

“வெறுந்துவக்கு, அக்கா.”

“ஆரும் கண்டிருந்தால்? இப்ப இருக்கிற நிலைமையிலை தமிழ்ச் சனத்தின்ரை வீட்டிலை துவக்கெண்டால் பொலிஸ் வேறை மாதிரி எல்லே பாக்கும்.”

“பொலிஸ்தான் பத்திரம் குடுத்தது.”

அல்போன்சம்மா சூப்பைக் கலக்கினாள். பிறகு, எத்தனையோ தரம் சொன்னதை, முதல்தரம் சொல்வதுபோல் சொன்னாள். “பாவம், தங்கமான மனுசன். என்னைப் பாக்கத்தானே முதல் வந்தவர். என்ரை தலையிலை மட்டும் அப்பிடி எழுதியிருந்தால், இந்த விசருக்கெல்லாம் நான் விட்டிருக்கமாட்டன். அன்பாச் சொன்னால் கேட்டிருப்பார்.”

வாத்தியார் செத்துப் பத்து வருசமாகிறது. இவள் இன்னும் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. றெஜினா அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். மன்னார்க் கடிதம் மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்தக் குசினியில் நின்று துவாய் பிழிவது அக்காவாக இருந்திருக்கும். இரக்கம் காட்டச் சூப்போடு வந்து நிற்பது தானாக இருந்திருக்கும். அதை நினைக்க அவளுக்கு, தான் சந்தோசப்படவேண்டிய அளவுக்குச் சந்தோசம் வரவில்லை. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“உப்புக் கூட” என்று சூப்பை ருசி பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சூப்பை அவர் குடிக்கவில்லை. இரண்டு மணிக்குப் பிறகு மூச்சு மாறியது. நாலைந்து வேகமாக வரும், பிறகு நீண்ட இடைவெளி. அல்போன்சம்மா சுவாமியாருக்குத் தொலைபேசி எடுக்க அறைக்குள் போனாள். லக்சனா இரவு முழுக்க முழித்தவள், நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். றெஜினா பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, வலன்ரைனின் வலது கண்ணின் ஓரத்தைத் துடைத்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

அவள் கேட்கவென்று நினைத்துக் கேட்கவில்லை. பஞ்சைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

“அண்டைக்கு ஏன் ஆரெண்டாலும் சரி எண்டனீங்கள்?”

“எப்ப?”

“என்னைப் பாக்க வந்த அண்டு. பத்திநாதர் கேக்க.”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அவருடைய புருவம் நெரிந்தது. இருபத்தேழு வருசமாக அவள் நாளாந்தம் தொட்டுப் பார்த்து வைத்த சொல், அவரிடம் இல்லை. சட்டைப்பையில் தேடி, காற்சட்டைப்பையில் தேடி, கையை விரிக்கிறவர்போல அவளைப் பார்த்தார்.

“சொல்லியிருப்பன்” என்றார்.

“சொன்னனீங்கள்.”

“அப்ப எனக்கு ஒண்டையும் எப்பிடிப் பாக்கிறதெண்டு தெரியாது, றெஜினா.”

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. மேலே ஏதாவது வருமா என்று அவள் பார்த்திருந்தாள். அவருடைய கை போர்வைக்கு மேலே கிடந்த புத்தகத்தைத் தட்டி விலக்கியது. அது கட்டிலிலிருந்து விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, மேசையில் வைத்து, அதன் மடங்கிய மூலையை விரலால் நீவிவிட்டு நிமிர்ந்தாள். மூச்சு வந்தது. இடைவெளி. மூச்சு வந்தது. நீண்ட இடைவெளி. அவள் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

போகும்போதும் ஒரு சொல் சொல்லிக்கொண்டு போகத் தெரியாத மனுசன்.

உள்ளறையில் அக்கா சுவாமியாரின் வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடம் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள். லக்சனா தூங்கிக்கொண்டிருந்தாள். கதவு எண், தெருப் பெயர், இரண்டாம் மாடி என்று அக்காவின் குரல் முடியும்வரை றெஜினா யாரையும் கூப்பிடவில்லை. மற்றக் கண்ணின் ஓரத்தையும் துடைத்தாள்.

பிறகு எல்லாம் அதனதன் பாட்டில் நடந்தது. அல்போன்சம்மா தலையில் அடித்துக்கொண்டு பெரிய குரலில் ஜெபத்தைத் தொடங்கினாள். லக்சனா அழுதுகொண்டே தொலைபேசி எடுத்தாள். சுவாமியார் வந்தார். வைத்தியர் வந்து மூன்று கடதாசியில் எழுதினார். செய்தி கேட்டு நோர்மான் பெட்டிகள் இல்லாமல் திரும்பி வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலோடு நின்றான். ஐந்தரை மணிக்கு மரணச்சாலை வண்டி வந்தது. இரண்டு இளந்தாரிகள், கறுப்பு உடுப்பு, தோல் அடிபோட்ட மெல்லிய சப்பாத்து. மார்கழி மாதம் மொன்றியலில் பிணம் தூக்க வருகிற சப்பாத்து.

வலன்ரைனைத் துணியில் சுற்றி, பட்டி கட்டித் தூக்குபடுக்கையில் வைத்தார்கள். வெளியே வந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். வீட்டின் முன்பக்கத்து இரும்புப் படிக்கட்டு நடுவில் வளைந்து இறங்குவது. பகல் முழுக்கப் பெய்த உறைமழை ஒவ்வொரு படியையும் கண்ணாடியாக்கியிருந்தது. ஒருவன் சப்பாத்து நுனியால் முதற்படியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மற்றவனிடம் ஏதோ சொன்னான். தீயணைப்புப் படையைக் கூப்பிடலாமாம். அல்லது காலை வரைக்கும் பார்க்கலாமாம்.

“என்னவாம்?” என்றாள் அல்போன்சம்மா.

“இறக்கத் தெரியாதாம்” என்றாள் றெஜினா.

அவள் உள்ளே போனாள். குசினித் தட்டிலிருந்து கறியுப்புப் பாக்கெட் மூன்றையும் எடுத்தாள். வாசலில் கிடந்த வலன்ரைனின் வேலைச் சப்பாத்துக்குள் வெறுங்காலை நுழைத்துக்கொண்டு, மேலங்கி இல்லாமல், அவர்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

“அம்மா, விழப்போறியள்!” என்றாள் லக்சனா.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வீட்டுப்பக்கம் வைத்துப் பின்பக்கமாக இறங்கினாள். முதற்படியில், ஐஸ் இளக, இரண்டு பிடி உப்பு. சப்பாத்தால் மிதித்துப் பார்த்தாள். ஐஸ் நறநறத்தது. “வாங்கோ” என்றாள். தமிழில்தான் சொன்னாள், இளந்தாரிகளுக்கு விளங்கியது. தூக்குபடுக்கை ஒரு படி இறங்கியது. நோர்மான் அவர்களைத் தாண்டி வந்து கீழ்முனையைத் தன் நெஞ்சில் தாங்கினான். அடுத்த படி. இரண்டு பிடி. மிதித்தாள். “வாங்கோ.” வளைவில் படுக்கை சரிந்தது.

“நிமித்திப் பிடியுங்கோடா! தலை கீழை போகுது. கம்பியிலை முட்டாமல், பாத்து. கண்ணெங்கை வைச்சிருக்கிறியள்?”

இரண்டாவது பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள். வீதிவிளக்கின் வெளிச்சத்தில் உப்பும் மழையும் ஒரே நிறமாக இருந்தன. பதினேழு படி. ஒவ்வொரு படிக்கும் ஏசினாள்: சப்பாத்துக்கு, வீட்டுக்காரனுக்கு, இப்படி ஒரு ஏணியை வீட்டுக்கு வெளியே வைத்துக் கட்டிய இந்த ஊருக்கு. மேலே வாசலில் அல்போன்சம்மா ஜெபத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீழே வந்ததும் வண்டியின் கதவைத் திறந்தார்கள். படுக்கை உள்ளே போனது. கதவு மூடியது. ஒருவன் வந்து, மெர்சி மதாம் என்று அவளிடம் சொன்னான். அவள் அவனுடைய சப்பாத்தைப் பார்த்தாள்.

வண்டி மெல்லப் பின்னுக்கு வந்து, திரும்பி, தெருமுனையில் சிவப்பு விளக்கை ஒருமுறை மினுக்கிவிட்டு மறைந்தது. நோர்மான் தன்னுடைய மேலங்கியைக் கழற்றி அவளுடைய தோளில் போட்டான். அவள் அதைத் தள்ளவும் இல்லை, போட்டுக்கொள்ளவும் இல்லை.

“வாங்கோ அம்மா, குளிருது” என்று லக்சனா மேலேயிருந்து கூப்பிட்டாள்.

மூன்றாவது பாக்கெட் இன்னும் உடைக்காமல் கையில் இருந்தது. றெஜினா அதை உடைத்தாள். வண்டி நின்ற இடத்தில் இரண்டு பிடி தூவி, சப்பாத்தால் மிதித்துப் பார்த்தாள். பிறகு, வண்டி போன திசையில், அதற்கு அடுத்த அடியில் தூவினாள். பிறகு அதற்கும் அடுத்த அடியில்.